டிரங்குப் பெட்டியில் 1971: எதை வீட்டில் வைப்பது, எதைக் கொடுப்பது?

போகிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆரணியிலிருந்து அக்கா போன் செய்தாள். “பரணைக் காலி பண்றேன்டி. அப்பா பெட்டியை என்ன பண்ணலாம்?” அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் திக்கென்றது. பல வருடம் முன்பு ஒரு போகியில், அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு கட்டு, பழைய பாடப்புத்தகங்களோடு சேர்ந்து நெருப்புக்குப் போய்விட்டது. யார் போட்டது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அப்பா, ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் ஹவில்தார். 1966-ல் சேர்ந்து 1986-ல் ஓய்வு பெற்றார். 1971 டிசம்பர் போரில் மேற்கு முனையில், சக்கர்கர் பகுதியில் இருந்தார். டாங்கிகள் நகர்வதற்கு முன்னால் கண்ணிவெடி வயலில் பாதை திறப்பது சாப்பர்களின் வேலை. பசந்தர் ஆற்றுச் சண்டை என்றால் எல்லோருக்கும் பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபாலின் பெயர்தான் நினைவுக்கு வரும். அந்த டாங்கிகளுக்கு வழி போட்டுக் கொடுத்தவர்களில் எங்கள் பக்கத்துப் பையன்களும் உண்டு. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் படைப்பிரிவின் மையத்தில் இவர்களுக்கு இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் பெயர்.

வேலூர், ஆரணி வட்டாரத்தில் இப்படி ஒரு கருப்பு டிரங்குப் பெட்டி இல்லாத தெரு குறைவு. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் எண், ரேங்க், பெயர். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே வீட்டுக்கு ஒன்று இருக்கும். இந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் பெட்டி பிள்ளைகள் தலையில் விழுகிறது. எங்கள் தலையில் விழுந்தபோது நாங்கள் என்னென்ன வழிகளை எடைபோட்டோம், எதை ஒதுக்கினோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குள் மூன்று கட்சி. அக்காவுக்கு எதுவும் வீட்டை விட்டுப் போகக்கூடாது. பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, அசலைப் படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட வேண்டும். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பெட்டியை இறக்கிப் பாயில் பரப்பிய பிறகுதான் காரணம் புரிந்தது. அதற்குள் இருந்தது ஒரே வகைப் பொருள் அல்ல. மூன்று பேருமே எல்லாவற்றுக்கும் ஒரே வழி தேடிக்கொண்டிருந்தோம்.

சுமார் 200 புகைப்படங்கள், 60 கடிதங்கள், 3 பதக்கங்கள், படையிலிருந்து விடுவித்ததற்கான டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பிபிஓ, கோர்ஸ் சான்றிதழ்கள், லீவு சர்ட்டிபிகேட் ஒன்று, ரேஷன் கார்டு இரண்டு, எதற்கென்றே தெரியாத ஒரு பித்தளைச் சாவி.

வேலைக்காகிற காகிதம்

முதலில் இதைப் பிரித்து எடுங்கள். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, இசிஎச்எஸ் மருத்துவ அட்டை. இவை நினைவுச் சின்னம் அல்ல, அம்மாவின் குடும்ப ஓய்வூதியமே இவற்றின் மேல்தான் நிற்கிறது. அருங்காட்சியகம், பிரேம், ஆல்பம் என்ற பேச்செல்லாம் இவற்றுக்குக் கிடையாது. அசல் அம்மா இருக்கும் வீட்டில், அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். படைப் பதிவில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பது இந்தத் தலைமுறையில் ரொம்ப சகஜம். அந்தக் காலத்தில் யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பிறந்த தேதியும் அப்படித்தான். பிள்ளைகளின் பெயர்கூட விட்டுப்போயிருக்கும். குடும்ப விவரங்களைப் படையில் பதிவு செய்கிற பார்ட் டூ ஆர்டரில் வந்திருந்தால்தான் கணக்கு. அப்பா உயிரோடு இருந்து கையெழுத்துப் போட முடிகிற காலத்தில் இதைச் சரிசெய்வதற்கும், அவர் போன பிறகு சரிசெய்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எங்களுக்கு அம்மா பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த எழுத்துக்காக அக்கா எத்தனை முறை பஸ் ஏறினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். உங்கள் அப்பா இருக்கிறார் என்றால், புகைப்படத்தைத் தொடுவதற்கு முன்னால் டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து எல்லாப் பெயரையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

‘தொலைந்தால் ராணுவத்திடம் நகல் கேட்டுக்கொள்ளலாம்’ என்று தம்பி சொன்னான். சிப்பாய், ஹவில்தார் ரேங்கில் இருந்தவர்களின் ஆவணம் அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு. எண், ரேங்க், பெயரோடு வாரிசு எழுதிக் கேட்கலாம். ஆனால் அந்த ஆவணங்களுக்கும் ஆயுள் உண்டு. ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்து சில வருடத்தில், ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 வருட சர்வீஸ் ஆகாமல் ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 1975-ல் வந்தவர் என்றால் அவருடைய கோப்பு 2000-க்குப் பிறகு இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த வீடுகளில் இருக்கிற டிஸ்சார்ஜ் புக் ஒன்றே மிச்சமிருக்கிற ஒரே சாட்சியாக இருக்கலாம்.

இந்தக் காகிதங்களை லேமினேட் செய்யாதீர்கள். எங்கள் அப்பாவே 90-களில் ஒரு கோர்ஸ் சான்றிதழைப் பெருமையாக லேமினேட் செய்து வைத்தார். இப்போது உள்ளே கொப்புளம் கொப்புளமாக, சாயம் ஏறிய பழுப்பாக இருக்கிறது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வீட்டில் வழியே இல்லை.

நகல் எடுக்க நான்கு வழி

போன், ஆபீஸ் பிரின்டரோடு வரும் ஸ்கேனர், நல்ல தட்டை ஸ்கேனர், கடையில் கொடுப்பது. நான்கையும் செய்து பார்த்தோம், ஏனென்றால் மூன்று பேரும் ஒத்துப்போகவில்லை.

போனைக் கேவலமாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். கடைசியில் அதிகம் உதவியது அதுதான். வாசல் திண்ணையில், வெயில் நேரே விழாத வெளிச்சத்தில், ஒரு வெள்ளை சார்ட் பேப்பரின் மேல் வைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடித்து, பிளாஷை அணைத்துவிட்டு எடுத்தோம். அக்கா மகள் ஒவ்வொன்றாக நீட்ட, நான் எடுக்க, 200 படமும் அத்தனை கடிதமும் ஒரே மதியத்தில் முடிந்தன. பளபளப்பான படங்களில் ஒளித்திட்டு விழும். அதற்கு கூகுளின் போட்டோஸ்கேன் செயலி, மூலைக்கு மூலை போனை நகர்த்தச் சொல்லி, திட்டைக் கழித்துக் கொடுக்கிறது. ஆனால் அது படத்தைத் தன்போக்கில் கொஞ்சம் மெருகேற்றிவிடுகிறது என்பதால், ஒளித்திட்டு பிரச்சினை இருக்கிற படங்களுக்கு மட்டும் பயன்படுத்தினேன்.

போன் படம் இறுதி நகல் அல்ல. ஆனால் நாளைக்கே வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் யார் யார் அந்தப் படத்தில் நின்றார்கள் என்பது போகாது. மிச்ச வேலை ஆறு மாதம் இழுத்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம். பல வீடுகளில் ‘நல்ல ஸ்கேனர் வாங்கின பிறகு செய்வோம்’ என்று சொல்லியே பெட்டியைக் கரையானுக்குக் கொடுக்கிறார்கள்.

ஆபீஸ் ஸ்கேனர் கடிதங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் போதும். கண்ணாடியின் மேல் வைத்து எடுங்கள். மேலே தாளை இழுத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறதே, அதில் 50 வருடக் காகிதத்தை விட்டால் நொறுங்கி வரும்.

கடையைப் பற்றி எனக்கு நல்லபடியாகச் சொல்ல ஆசைதான். எங்கள் அனுபவம் அப்படி இல்லை. ஒரு ஸ்டூடியோவில் சோதனைக்கு 10 படம் கொடுத்தோம். திரும்பி வந்தபோது முகங்கள் மாவு பூசினது போல வழவழவென்று இருந்தன. அப்பாவின் நெற்றியில் இருந்த அம்மைத் தழும்பைக் காணோம். ‘டச்சப் பண்ணிட்டோம் மேடம், ஃப்ரீ’ என்றார்கள். ஒரு படத்தின் ஓரத்து வெள்ளைப் பட்டையை, பிரேமுக்குச் சரியாக வரவேண்டும் என்று அவர்களாகவே வெட்டியிருந்தார்கள். அந்தப் பட்டையில்தான் பென்சிலில் இடம் எழுதியிருந்தது. எல்லாக் கடையும் அப்படி இல்லை. கொடுப்பதென்றால், டச்சப் வேண்டாம், வெட்டக்கூடாது, படத்தின் தரம் குறையாத டிஃப் கோப்பாகத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஐந்து படத்தில் சோதித்த பிறகு மற்றதைக் கொடுங்கள். நெகட்டிவ் இருந்தால் மட்டும் கடைதான் எனக்கு முதல் தேர்வு. அச்சில் இல்லாத விவரம் நெகட்டிவில் இருக்கும், அதை எடுக்கப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும் ஸ்கேனர் வேண்டும், அது வீட்டில் வாங்கி வைக்கிற சாமான் இல்லை.

மிச்சத்துக்குத் தம்பி ஒரு தட்டை ஸ்கேனர் வாங்கினான். இதில் ஒரே ஒரு கணக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ரோல் பிலிம் படங்கள் சிறியவை, 6 க்கு 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்தால் சுமார் 1417 க்கு 2126 பிக்சல், அதாவது 30 லட்சம் பிக்சல்தான். அதே படத்தை 1200-ல் எடுத்தால் நான்கு மடங்கு. ஆகவே தபால் அட்டை அளவுக்கு மேற்பட்டதற்கு 600, குட்டிப் படங்களுக்கு 1200 என்று வைத்துக்கொண்டோம். கருப்பு வெள்ளைப் படத்தையும் கலர் அமைப்பிலேயே ஸ்கேன் செய்தோம். பழுப்பும் மைக்கறையும்கூட அந்தப் படத்தின் கதைதான். படத்தின் பின்பக்கத்தையும் தவறாமல் எடுத்தோம். பின்பக்கம் ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால், அதில் ‘பதான்கோட்’ என்று ஒரு வார்த்தை இருந்தால், அரை வருடத்தின் முகவரி கிடைத்த மாதிரி.

எல்லாவற்றையும் இப்படிச் செய்யவில்லை. ஒரு படத்துக்கு நான்கைந்து நிமிடம் ஆகிறது. போன் நகல்களைப் பார்த்து 40 மட்டும் தேர்ந்தெடுத்தோம். உறவினர் கல்யாணத்தில் அப்பா சாப்பிடுகிற படத்துக்கு 1200 டிபிஐ வேண்டாம் என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போனோம்.

அட்டையில் ஒட்டிய பெரிய குரூப் போட்டோ தனி அவஸ்தை. வரிசை வரிசையாக உட்கார்ந்தும் நின்றும், கீழே அச்சில் பெயர்களோடு, எல்லா ராணுவ வீட்டிலும் ஒன்று தொங்கும். ஏ4 கண்ணாடியில் அடங்காது. இரண்டு மூன்று துண்டாக ஸ்கேன் செய்து கணினியில் சேர்க்கலாம், அல்லது முக்காலியில் கேமராவை வைத்து எடுக்கலாம். அட்டை உடையக்கூடியதாக இருக்கும், அதைப் படத்திலிருந்து பிரிக்க முயலாதீர்கள். கீழே இருக்கிற பெயர்ப்பட்டியல்தான் அந்தப் படத்தின் உயிர், ஸ்கேனில் அதை விட்டுவிடாதீர்கள்.

ஏஐ கொண்டு கலர் ஏற்றுவதைப் பற்றி மருமகன் மிகவும் உற்சாகமாக இருந்தான். ஒன்றைச் செய்தும் காட்டினான். அப்பாவின் சீருடை போலீஸ் காக்கியாகவும், பதக்கத்தின் ரிப்பன் ஏதோ ஒரு நாட்டுக் கொடியாகவும் வந்தது. ரிப்பனின் நிறவரிசையை வைத்துத்தான் எந்தப் பதக்கம் என்று தெரியும். அதையே கற்பனையாக மாற்றினால் எதற்கு? விளையாட்டுக்குச் செய்துகொள்ளட்டும். ஸ்கேன் கோப்புகள் இருக்கிற போல்டரில் மட்டும் அது நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அசல் எங்கே இருப்பது?

இதுதான் உண்மையான சண்டை. ஸ்கேன் பற்றியெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சமாதானமாகிவிட்டோம்.

பேங்க் லாக்கர் என்றார் அத்தான். அவருக்கு எதற்கும் லாக்கர்தான். திருட்டுக்கு அது பாதுகாப்பு, ஆனால் 1971-ன் கருப்பு வெள்ளைப் படத்தை யார் திருடப் போகிறார்கள்? வருடத்துக்கு ஒரு முறைகூடத் திறக்காத பெட்டியில் பூஞ்சை பிடித்தால் தெரியவே தெரியாது. லாக்கர் யார் பெயரிலோ இருந்து அவரும் போய்விட்டால், மறுபடி வாரிசுச் சான்றிதழ் படலம். அதை விட்டுவிட்டோம்.

மூவரும் பங்கு பிரித்துக்கொள்வது இரண்டாவது யோசனை. நியாயம்போலத் தெரியும். ஆனால் ஒரு கடிதமும் அதோடு வந்த படமும் வேறு வேறு ஊரில் இருந்தால் இரண்டுமே பாதி ஊமை. தவிர, மூன்று வீட்டில் ஒரு வீடாவது ஒழுகும். பதக்கங்களைப் பிரிப்பது இன்னும் மோசம். மேற்கு முனைக்கான பச்சிமி ஸ்டார், சங்ராம் பதக்கம், 1972-ல் கொடுத்த சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் என்று மூன்றும் ஒன்றாகக் கிடக்கும்போதுதான், இவர் 1971-ல் மேற்கு முனையில் இருந்தார் என்று தெரிந்தவர்கள் பார்த்தவுடன் சொல்வார்கள். கிழக்கில் இருந்திருந்தால் பூர்வி ஸ்டார். அம்மா ஒரு ஆயுத பூஜைக்கு இவற்றைப் புளி போட்டு விளக்கி வைத்துவிட்டாள். குத்துவிளக்குக்குச் செய்வதுதானே என்று நினைத்திருப்பாள், பாவம். பொறித்த எண்ணும் பெயரும் இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகின்றன. பதக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம், பிராசோ கூடவே கூடாது. உலர்ந்த மெல்லிய துணி போதும்.

அடுத்தது, தம்பியின் கட்சி: கொடுத்துவிடுவது. அவன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. படைப்பிரிவு மையங்களில் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் உண்டு. பெங்களூரில் சாப்பர்ஸுக்கு இருக்கிறது, நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டுக்கு இருக்கிறது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் தனியார் காகிதங்களையும் பெற்றுக்கொள்கிறது. அங்கேயே யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் ராணுவ வரலாற்றுக்கு ஒரு மையம் இருக்கிறது. சென்னையில் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பெரும்பாலும் அரசுக் காகிதங்களுக்கானது, நம் பெட்டிக்கு அது சரியான வாசல் அல்ல. அங்கெல்லாம் குளிரூட்டிய அறை, பட்டியல், தேட வருகிற ஆள் என்று எல்லாம் இருக்கும். நம் பரணில் ராமபாணப் பூச்சிதான் தேடி வரும்.

ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான். அது கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள், தரவும் முடியாது. வந்ததையெல்லாம் மாட்டி வைத்தால் அருங்காட்சியகம் அல்சூர் ஏரி வரைக்கும் நீளும். அவர்களுக்குத் தேவைப்படுவது கம்பெனி குரூப் போட்டோ, பாலம் கட்டுகிற படம், முகாம் படம் போன்றவை. அப்பா ஜம்முவில் ஒரு ஸ்டூடியோவில் வரைந்த தாஜ்மகாலுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் அவர்களுக்கு எதற்கு? எங்களுக்கோ அதுதான் முதல் படம். பெண் பார்த்தபோது அம்மா வீட்டுக்கு அனுப்பியது அந்தப் படத்தைத்தான்.

ஆகவே கொடுப்பதையும் பிரித்தோம். வேலை நடக்கிற படங்கள், குரூப் போட்டோ இவற்றின் தரமான ஸ்கேன் கோப்பும் ஒரு நல்ல அச்சும், யார் யார் என்ற பட்டியலோடு, படைப்பிரிவுக்கு. எங்களிடம் இரண்டு பிரதி இருந்த ஒரு குரூப் போட்டோவின் அசல் ஒன்றும் போகிறது. மற்ற அசல் எல்லாம் வீட்டில். அசலைக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் பட்டியலை மட்டும் அனுப்பி, எது வேண்டும் என்று கேளுங்கள். நேரில் கொடுங்கள். என்னென்ன பெற்றுக்கொண்டோம், யார் பெயரில், நகல் எடுக்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் பெருமைக்குக் கொடுத்த பொருளைப் பத்து வருடம் கழித்துத் தேடிப் போனால், அதைப் பற்றித் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

சரி, வீட்டில் என்று முடிவானால் எந்த வீட்டில்? அக்கா வீட்டில்தான், ஆனால் பரணில் அல்ல. மே மாதம் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். தளத்துக்குக் கீழே இருக்கிற பரண் அடுப்பு மாதிரி. தரையும் கூடாது, கரையானும் தண்ணீரும் முதலில் வருவது அங்கேதான். வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு சரியான இடம். சென்னையில் என் வீடு கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டர், உப்புக்காற்றில் கதவுக் கீல்களே துருப்பிடிக்கின்றன என்பதால் நான் போட்டியிலேயே இல்லை.

படங்களை 80-களில் வாங்கிய ஒட்டும் ஆல்பத்திலிருந்து எடுத்தோம். அந்தப் பசை வருடம் ஆக ஆகப் படத்தைத் தின்கிறது. எடுப்பதற்குக் கத்தி வேண்டாம். பல் இடுக்குச் சுத்தம் செய்கிற மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்தோம். வராத இரண்டு படங்களைத் தாளோடு வெட்டி வைத்திருக்கிறோம். உறைக்கு, பளபளப்பான சாதாரண பிவிசி பிளாஸ்டிக்கைத் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அமிலம் இல்லாத காகித உறை. அந்துருண்டை அம்மாவின் பரிந்துரை. புடவைக்குச் சரி, படத்துக்குக் கூடாது. வேப்பிலையும் அப்படியே, கறை ஏறும். பெட்டியின் ஓரத்தில் நாலைந்து சிலிகா ஜெல் பொட்டலம், பொங்கலுக்கு ஒரு முறையும் மழை முடிந்து ஒரு முறையும் திறந்து பார்ப்பது, அவ்வளவுதான். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். ரப்பர் பேண்ட் ஏற்கெனவே உருகிக் கடிதத்தோடு கடிதமாகிவிட்டது.

கடிதங்களின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே ‘இவண் நலம், அங்கு அனைவரும் நலமா’ என்று மட்டும்தான் இருக்கும், போர்க்காலத்தில் எங்கே இருக்கிறேன் என்று எழுத அனுமதி இல்லை. அனுப்புநர் முகவரி 56 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்று முடிந்துவிடும். ஆனால் உறையின் முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண்ணும் தேதியும் இருக்கும். அந்தத் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 1971 நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை ஒரு கடிதம்கூட இல்லை என்று தெரிந்தது. போகியில் போன கட்டு அதுதானா, அல்லது அவர் எழுதவே இல்லையா என்று அம்மாவைக் கேட்டேன். “எழுதலை. நான்தான் தினமும் போஸ்ட்மேனைப் பாத்துட்டு நிப்பேன்” என்றாள்.

கோப்புகளை வைப்பது

இது சுருக்கம்தான். பென் டிரைவ் மட்டும் போதாது, அது தொலைகிற சாமான். ஒரு ஹார்ட் டிஸ்க் தம்பியிடம், ஒன்று என்னிடம், ஒன்று இணையத்தில். மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். இணையத்தில் கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. எங்கள் 40 படங்களின் டிஃப் கோப்புகள் அதற்குள் தாராளமாக அடங்கின. ஆனால் இரண்டு வருடம் யாரும் உள்நுழையாத கணக்கை அவர்கள் நீக்கிவிடலாம் என்பதால், ‘அப்பா நினைவாக’ என்று தனிக் கணக்கு தொடங்குகிறவர்கள் கவனமாக இருங்கள். தினசரி பயன்படுத்துகிற கணக்கிலேயே போடுவது நல்லது. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். குடும்ப குரூப்பில் இருக்கிறது என்பதை ஒரு பிரதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2006-ல் தம்பி சிடியில் எழுதி வைத்த அப்பாவின் மணிவிழாப் படங்கள் இப்போது திறக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓவையும் பேஸ்புக்கில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பெருமை புரிகிறது. படை எண், பிபிஓ எண், பிறந்த தேதி எல்லாம் சேர்ந்து கிடைத்தால், ‘ஓய்வூதிய ஆபீஸிலிருந்து பேசுகிறோம்’ என்று அம்மாவுக்குப் போன் வரும். படத்தைப் போடுங்கள், காகிதத்தைப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு இந்த ஹார்ட் டிஸ்க் கதையெல்லாம் ஒன்றும் இல்லை. அவளுக்காக 30 படங்களைப் பெரிய எழுத்துக் குறிப்புகளோடு ஒரு புத்தகமாக அச்சிட்டோம். செலவைப் பார்த்துத் தம்பி முணுமுணுத்தான். செய்ததில் இன்றுவரை தினமும் பயன்படுகிற ஒரே நகல் அதுதான்.

பெயர்கள்

இதை முதலில் செய்திருக்க வேண்டும், கடைசியில் செய்தோம். குரூப் போட்டோ தவிர மற்ற படங்களில் அப்பாவைத் தவிர யாரையும் எங்களுக்குத் தெரியாது. காட்பாடியில் அப்பாவோடு அதே கம்பெனியில் இருந்த ஒரு மாமா இருக்கிறார், வயது 79. போன் நகல்களை எடுத்துக்கொண்டு போய் டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினோம். பெயர் கேட்டுப் போனோம். அவர் பெயரோடு ஊரையும் சமையல் விசேஷத்தையும் சேர்த்துச் சொன்னார். யார் இட்லி மாவுக்கு ஜம்மு குளிரில் போர்வை சுற்றி வைத்தது, யாருக்கு இந்தி கடைசிவரை வரவில்லை, யார் சக்கர்கரிலிருந்து திரும்பவில்லை. இதையெல்லாம் அனுமதி கேட்டுப் போனிலேயே ஒலிப்பதிவு செய்துகொண்டோம். அசல் படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும்; மெல்லிய பென்சிலில் ஓரமாக ஒரு எண் மட்டும் எழுதி, அந்த எண்ணுக்கு எதிரே நோட்டில் பெயர்களை எழுதினோம்.

ஸ்கேனர், உறை, டிஸ்க் எல்லாம் அடுத்த வருடம் வாங்கினாலும் கிடைக்கும். காட்பாடி மாமா போன வாரம் கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார், இன்னும் 60 படம் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு படம் மட்டும் எந்தத் திட்டத்துக்கும் அடங்கவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கிற, சீருடையில் அப்பா தனியாக நிற்கிற பெரிய படம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒட்டினதைப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு நல்ல நகல் ஒன்றை மாட்டலாம் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடியைத் துடைத்து, நெற்றி இருக்கிற இடத்தில் சந்தனம் வைத்து, குங்குமத்தைத் தொட்டு வைத்தாள். அது மாட்டியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவள் குளிக்கப் போன நேரத்தில் பிளாஷ் இல்லாமல், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, போனில் நாலு படம் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் ஜன்னல் விழுந்திருக்கிறது, மற்ற மூன்றும் பரவாயில்லை.